நெஞ்சுப் பக்கம் ஒரு மீன் செதில்

மாத்திரைப் போத்தல்களுக்குள் கிடக்கும்
'உண்ணக் கூடாது' என்று எழுதிய சின்னப் பொதிகளை
ஏழு வருஷமாய்ச் சேர்க்கிறேன்.
பாமசியில் நிற்கிற பெடியன் இப்போது காரணம் கேட்பதில்லை.
திருகோணமலைக் காற்றுக்கு
தோல் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

அலுமாரியில் நாலு இருக்கின்றன.
ஒன்று குதிரைத்தோல்,
முழங்கை தேய்ந்து கொட்டைப்பாக்கின் நிறம்.
ஒன்று பருத்தி, கழுத்தில் மட்டும் உரோமம்.
ஒன்று வெள்ளாடு,
அதன் விலையைவிடச் சுங்கத்தில் அழுத காசு கூட.
ஒன்று போலி. லண்டனிலிருந்து அத்தான் அனுப்பியது.
போலி என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

குகதாஸ் சொல்லுவார்:
'சித்திரை வெயிலுக்குச் சேர்ட்டே பாரம்,
நீ ஆட்டை வாங்கி அலுமாரியில் கட்டுகிறாய்.'
பதினையாயிரம் அடி ஏறிப் பாருங்கள், நடுங்கும் என்பேன்.
'ஏறினால் சொல்லுறன்' என்று
விசிறியைத் தன் பக்கம் திருப்புவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம்,
இருமல் பாணிக்கு வந்தான் சபூர்தீன்.
கொட்பே ஐஸ் பெக்டரியில் குளிரறை வேலை.
இடுப்பில் கைகளால் முடிந்து
பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது அது.

செம்மறித் தோல். உள்ளே மயிர் அப்படியே.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிப்.
கழுத்துக்குப் பின்னால், மடிந்து,
மஞ்சள்.

மஞ்சள் தொப்பி.
கடலில் விழுந்தவனை
மேலிருந்து தேடுகிறவன் கண்டுபிடிக்க வைத்தது.
படங்களில் பார்த்திருக்கிறேன்.
மீன் நாற்றத்தோடு பார்த்ததில்லை.

பாணியை இரண்டு தரம் பிழையாக அளந்தேன்.

'ஆருடையது?'
'பெக்டரியோட வந்தது. ஆணியில கிடந்தது.
எனக்கு முந்தினவன் போட்டான்,
அவனுக்கு முந்தினவனும்.'
'ஐம்பதாயிரம் தாறன்.'
'குடுத்திட்டு நாளைக்கு என்னத்தைப் போடுற?'

மறுநாள் வெள்ளாட்டுத் தோலைக் கொண்டுபோனேன்.
போட்டுப் பார்த்தான், தோளைக் குலுக்கினான்.
'கலியாண வீட்டுக்குச் சரி' என்றான்.
பிறகு கதவைத் திறந்து காட்டினான்.

வெள்ளைப் புகை. புகைக்குள் பாறைப்பாறையாய் ஐஸ்.
இரண்டடி தள்ளி நின்றவனைக் காணவில்லை.
'போன மாரியில கறண்ட் நிண்டு போச்சு,
நான் உள்ளுக்க. சறுக்கி விழுந்து கிடந்தன்.
டோர்ச் அடிச்சவங்களுக்கு
இந்த மஞ்சள்தான் முதல்ல தெரிஞ்சது.'

அதற்குமேல் விலை பேச
என் வாயில் தொகை இல்லை.

கழுத்துப் பட்டிக்குக் கீழே துணித்துண்டு ஒன்று.
மையில் ஒரு பெயர், பாதிக்கு மேல் அழிந்து.
அந்தக் கிழமையே உப்புவெளிக்குப் போய்
யுத்த மயானத்தில் வரிசை வரிசையாய்க் கல் வாசித்தேன்.
வெயில் உச்சியில் நின்றது.
புல் வெட்டுகிறவர் 'சொந்தக்காரரா?' என்று கேட்டார்.
என்ன சொல்வது, தலையை ஆட்டினேன்.
அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.
திரும்பி வரும்போது பஸ்ஸில்
காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.
ஆணியில் மாட்டிவிட்டு
அவன் நடந்தே வெளியே போயிருக்கலாம்.

இப்போது மாதம் ஒருதரம் கொட்பேக்குப் போகிறேன்.
சிப்புக்கு மெழுகு, தோலுக்கு எண்ணெய்.
மயிரைச் சீப்பால் வாரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.
வாருகிறான்.

கொப்பியில் ஐந்தாம் இலக்கம் எழுதியாயிற்று:
வகை, செம்மறி, மஞ்சள் தொப்பியுடன்.
இருக்கும் இடம், குளிரறைக்கு வெளியே இடப்பக்க ஆணி.
நிலை, பாவனையில்.

போனமுறை ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தேன்.
அவ்வளவு பாரம். ஒருவர்
பின்னாலிருந்து தோளில் கைபோட்ட மாதிரி.
கதவு திறந்தது, குளிர் முகத்தில் அடித்தது,
என் இலுப்பெண்ணெய் வாசத்தையும் மீறிச் சூரை மணத்தது.

வீட்டுக்கு வந்தால் குகதாஸ்
என் சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்,
'சந்தைக்குப் போனனியோ?'
குனிந்து பார்க்கிறேன்.
நெஞ்சுப் பக்கம், நகக்கண் அளவில்,
ஒரு செதில்.